தங்கக் குறுவாள் பிறந்த கதை

1953-ஆம் ஆண்டு நவம்பர் 5. லண்டனில் வாணவேடிக்கை நாள். 1605-இல் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் பார்த்த கை ஃபாக்ஸ் பிடிபட்டதை இங்கிலாந்துக்காரர்கள் ஆண்டுதோறும் அன்றுதான் கொண்டாடுவார்கள். அதே நாளில் நேஷனல் லிபரல் கிளப்பில் ஜான் க்ரீஸி என்ற எழுத்தாளர் தம் சகாக்கள் சிலரைக் கூட்டினார். கொலை, கொள்ளை, ஆள்கடத்தல் என்று எழுதிப் பிழைப்பவர்கள் அவர்கள். அன்று பிறந்த சங்கம்தான் ‘க்ரைம் ரைட்டர்ஸ் அசோசியேஷன்’. இன்று உலகெங்கும் துப்பறியும் எழுத்தாளர்கள் ஏங்கும் ‘தங்கக் குறுவாள்’ விருதைக் கொடுப்பது இந்தச் சங்கமே.

க்ரீஸி வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. உடன்பிறந்தவர்கள் பலர், கையில் காசில்லாத குடும்பம். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வேறு படுத்தியது. குமாஸ்தா வேலைகளில் காலம் தள்ளிக்கொண்டே கதை எழுதி அனுப்பினார். பதிப்பாளர்களிடமிருந்து 743 மறுப்புக் கடிதங்கள் வந்தனவாம். 1932-இல் முதல் துப்பறியும் நாவல் அச்சேறியது. பிறகு கை நிற்கவே இல்லை. ஏறத்தாழ 600 நாவல்கள், இருபதுக்கும் மேற்பட்ட புனைபெயர்கள். பாரன், டாஃப், இன்ஸ்பெக்டர் வெஸ்ட், கிடியன் என்று ஒவ்வொரு நாயகனுக்கும் தனித் தொடர்.

இப்படிப்பட்டவர் எதற்காகச் சங்கம் தொடங்க வேண்டும்? லண்டனில் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்தது. 1930-இல் தோன்றிய ‘டிடெக்‌ஷன் கிளப்’. செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். அகதா கிறிஸ்டியும் டாரதி சேயர்ஸும் உறுப்பினர்கள். மண்டை ஓட்டின் மீது கை வைத்துச் சத்தியப் பிரமாணம் எடுக்கும் சடங்கு உண்டு. தெய்வ வாக்கையும் திடீர் அதிர்ஷ்டத்தையும் நம்பி என் துப்பறிவாளன் குற்றவாளியைப் பிடிக்கமாட்டான் என்று உறுதி சொல்ல வேண்டும். அழகான மரபுதான். ஆனால் அழைப்பு வந்தால் மட்டுமே உள்ளே போக முடியும். இரவு விருந்துக்குக் கூடும் சிறு வட்டம் அது. மாதச் செலவுக்காக எழுதும் சாதாரண எழுத்தாளனுக்கு அங்கே இடமில்லை.

விமர்சகர்களிடமோ இன்னும் மோசம். நூலகங்களில் போட்டி போட்டு இரவல் வாங்கப்படும் நாவல்களுக்குப் பத்திரிகையில் நாலு வரிக் குறிப்பு கிடைத்தாலே பெரிது. ‘பொழுதுபோக்கு’ என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டால் நல்லதையும் சொத்தையையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது. இந்த அவமதிப்பில் என்னை உறுத்துவது அந்தப் பகுதிதான். ஒரு துறையின் சிறந்த நூல் எது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், அந்தத் துறையில் உயிரைக் கொடுத்து எழுதுபவனும் அவசரத்தில் கிறுக்குபவனும் ஒரே அலமாரியில் ஒன்றாகக் கிடப்பார்கள்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதற்கு வழி பிறந்திருந்தது. அமெரிக்க மர்ம எழுத்தாளர்கள் 1945-இல் ஒன்று சேர்ந்து, அடுத்த ஆண்டே எட்கர் ஆலன் போவின் பெயரில் ‘எட்கர்’ விருதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1841-இல் பிலடெல்பியாவின் ‘கிரஹாம்ஸ்’ இதழில் வெளிவந்த போவின் சிறுகதையைத்தான் நவீன துப்பறியும் கதையின் தொடக்கம் என்பார்கள். ஆகவே அவர்களுக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் முதல் விருது 1955-க்கு. அப்போது அதற்குக் குறுவாள் என்ற பெயர் கிடையாது. ‘க்ராஸ்டு ரெட் ஹெர்ரிங்’ விருது என்றார்கள். உப்பிட்டுப் புகைபோட்டுச் சிவந்த ஹெர்ரிங் மீனின் வாடை மோப்ப நாயைத் தடம் மாற்றிவிடும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. வாசகரைத் திசை திருப்பக் கதையில் வைக்கும் பொய்த்தடயத்துக்கு அதனால் அந்தப் பெயர். சங்கத்தின் உறுப்பினர் இதழுக்கும் ‘ரெட் ஹெர்ரிங்ஸ்’ என்றே பெயர். தொழிலின் ரகசியத்தையே கொடியாக ஏற்றிக்கொண்ட துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

அந்த முதல் விருதை வாங்கியவர் வின்ஸ்டன் கிரஹாம். ‘போல்டார்க்’ சரித்திர நாவல்களால் இன்றும் அறியப்படுபவர். விருது பெற்ற ‘தி லிட்டில் வால்ஸ்’, ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் பிணமாக மிதந்த அண்ணன் தற்கொலை செய்துகொண்டான் என்பதை நம்ப மறுத்துத் தேடிப் புறப்படும் தம்பியின் கதை. இறுதிப் பட்டியலில் அவருடன் நின்றவர்களில் புகழ்பெற்ற நையோ மார்ஷும் ஒருவர். பெரிய பெயரைப் பார்த்து விருது கொடுக்கவில்லை என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

1960-இல் பெயர் மாறித் தங்கக் குறுவாள் ஆனது. அந்தப் பெயரில் முதலில் வாங்கியவர் லயனல் டேவிட்சன். 1963-இல் ஜான் லெ காரேயின் ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு’. புக்கர் பரிசு தொடங்கியதே 1969-இல்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ‘இலக்கியவாதிகள்’ தங்கள் பெரிய பரிசை நிறுவுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே மர்மக் கதைக்காரர்கள் தங்கள் வீட்டு விளக்கைத் தாங்களே ஏற்றிவிட்டார்கள்.

1964-இன் குறுவாள் நமக்கு நெருக்கமானது. எச்.ஆர்.எஃப். கீட்டிங் எழுதிய ‘தி பெர்ஃபெக்ட் மர்டர்’. களம் பம்பாய், நாயகன் இன்ஸ்பெக்டர் கணேஷ் கோட்டே. மேலதிகாரியின் கோபத்துக்குப் பயந்து, வீட்டில் மனைவியின் பேச்சுக்கும் அடங்கி, ஆனால் எடுத்த வழக்கை விடாத நேர்மையான போலீஸ்காரர். கொலையுண்டதாகச் சொல்லப்படுபவரின் பெயரே மிஸ்டர் பெர்ஃபெக்ட். ஒரு பார்சி செயலாளர். தலையில் அடிபட்டுக் கிடப்பவர். தலைப்பின் விளையாட்டு அதில் இருக்கிறது. இதை எழுதியபோது கீட்டிங் இந்தியாவில் காலடி வைத்ததில்லை. லண்டனில் உட்கார்ந்து படித்தும் கேட்டும் எழுதினார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்துத்தான் பம்பாயைப் பார்த்தார். 1988-இல் இது படமானபோது கோட்டேயாக நடித்தவர் நசீருதீன் ஷா.

அந்தக் காலத்தில் இந்தியா, வெளியிலிருந்து ஒருவர் கற்பனையில் பார்த்த களம். இன்று நிலைமை வேறு. 1919-இன் கல்கத்தாவை எழுதிய அபிர் முகர்ஜியின் ‘எ ரைசிங் மேன்’ 2017-இல் இதே சங்கம் சரித்திர நாவல்களுக்குத் தரும் குறுவாளை வென்றது. சுதந்திரத்துக்குச் சற்றுப் பிந்தைய பம்பாயை வைத்து, முதல் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவரைக் கதையில் படைத்த வசீம் கானுக்கு 2021-இல் அதே விருது. 2023-இல் அந்தச் சங்கத்துக்கே அவர் தலைவரானார்.

இடையில் ஒரு சிக்கல். 2001-இல் ஸ்வீடனின் ஹென்னிங் மங்கெல், 2002-இல் ஸ்பானிய மொழியில் எழுதும் சொமோசா, 2005-இல் ஐஸ்லாந்தின் ஆர்னல்தூர் இந்திரிதாசன் என்று ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை தங்கக் குறுவாள் மொழிபெயர்ப்பு நாவல்களுக்குப் போனது. அடுத்த ஆண்டிலிருந்து தங்கக் குறுவாள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் என்று விதி மாறியது. மற்ற மொழிகளுக்குத் தனியாகப் ‘பன்னாட்டுக் குறுவாள்’. போட்டியில் தோற்றவுடன் ஆட்டத்தின் விதியை மாற்றினார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் ஒரு நன்மை விளைந்தது. இந்த விருதில் ஆசிரியரோடு மொழிபெயர்ப்பாளருக்கும் பரிசுப் பணத்தில் பங்கு கொடுத்தார்கள். 2006-இல் ஃபிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ரெட் வார்காஸும் அவரை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த சியான் ரெனால்ட்ஸும் சேர்ந்தே முதல் விருதைப் பெற்றார்கள்.

க்ரீஸிக்கு அமெரிக்கர்கள் 1962-இல் எட்கர் கொடுத்தார்கள். அவர்களுடைய சங்கத்துக்குத் தலைவராகவும் ஆக்கினார்கள். தாம் நிறுவிய சங்கத்தின் தங்கக் குறுவாளை மட்டும் அவர் ஒருமுறைகூட வாங்கவில்லை. 1973-இல் அவர் காலமானதும், முதல் நாவல் எழுதுபவர்களுக்கான விருதுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அத்தனை மறுப்புக் கடிதங்களைப் பார்த்தவர் பெயரில் இதைவிடப் பொருத்தமான விருது இருக்க முடியாது.

பன்னாட்டுக் குறுவாளாகத் தொடங்கிய அந்த மொழிபெயர்ப்பு விருதுக்கு நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பிரிட்டனில் வெளியாகியிருக்க வேண்டும். மாத நாவல்களாகப் பெட்டிக்கடையில் தொங்கிய காலம் முதல் தமிழில் மர்மக் கதைக்கு எழுத்தாளர்களும் உண்டு, வெறிபிடித்த வாசகர்களும் உண்டு. தமிழும் ஆங்கிலமும் கைவந்த மொழிபெயர்ப்பாளர்களே, உங்கள் அடுத்த நூலுக்கு நல்ல தமிழ்த் துப்பறியும் நாவல் ஒன்றை எடுங்கள். லண்டன் பதிப்பாளர்களுக்கு அனுப்பிப் பாருங்கள்.