வக்கீல்கள் நடத்திய பத்திரிகை

1891-இல் மயிலாப்பூர் வக்கீல்கள் சிலர் சேர்ந்து மெட்ராஸ் லா ஜர்னலைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே தீர்ப்புகளை அச்சிட அரசாங்கத் தொகுதி இருந்தது. 1876 முதல் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய், அலகாபாத் என்று நான்கு வரிசைகளில் இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் வந்துகொண்டிருந்தது. அந்தத் தொகுதியில் வராத தீர்ப்பைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 1875-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அப்படியிருந்தும் தனியார் பத்திரிகை தொடங்கினார்களே, அந்தத் துணிச்சல் பெரிது. அரசுத் தொகுதியில் எல்லாத் தீர்ப்பும் ஏறாது. விட்டுப்போன ஒன்று நாளைக்கு ஒரு கட்சிக்காரரின் நிலத்தைக் காப்பாற்றலாம்.

வி. கிருஷ்ணசாமி ஐயரும் பி.ஆர். சுந்தர ஐயரும் முன்னின்றார்கள். பி.எஸ். சிவசாமி ஐயர் 1893 முதல் 1907 வரை இணையாசிரியர். மூவருமே மும்முரமாக வழக்காடிக்கொண்டிருந்தவர்கள். கிருஷ்ணசாமி ஐயர் அரசியலில் மிதவாதி. ஆனாலும் தீவிரக் கட்சிக்காரரான பாரதியின் பாடல்களை 1907-இல் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். இந்தியன் வங்கி உருவானதும் அதே ஆண்டுதான், அதிலும் அவர் கை உண்டு. 1909-இல் நீதிபதியானார், 1911-இல், 48 வயதில், காலமானார். அச்சின் வலிமையை இவ்வளவு தெரிந்துவைத்திருந்த வக்கீல் சென்னையில் வேறு யார்?

நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு சட்டப் பத்திரிகைக்குத் தலைக்குறிப்பு, அதாவது தீர்ப்பின் தலையில் வரும் சுருக்கம், எழுதிக் கொடுத்ததுண்டு. தீர்ப்பை முதலில் பென்சில் இல்லாமல் ஒரு தடவை படிக்க வேண்டும். இரண்டாம் தடவைதான் கோடு போடலாம். எது முடிவு, எது நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்து என்று பிரிப்பதில்தான் முழு வேலையும். தீர்ப்பில் 'செய்யலாம்' என்று இருப்பதைக் குறிப்பில் 'செய்ய வேண்டும்' என்று எழுதிவிட்டால், ஏதோ ஒரு முன்சீப் கோர்ட்டில் ஒரு குடும்பம் அதனால் தோற்கும். அடுத்து, மேற்கோள் காட்டிய வழக்குகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஃபாலோட் (பின்பற்றியது), டிஸ்டிங்விஷ்ட் (வேறுபடுத்தியது), ஓவர்ரூல்ட் (செல்லாதென்றது) என்று குறிக்க வேண்டும். எழுதியவர் பெயர் எங்கும் வராது.

இந்த உழைப்புக்குச் சட்டத்தில் மதிப்பு கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. சட்டப் பதிப்பகமான ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் 2007-இல்தான் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தீர்ப்பின் மூலவாசகம் பொதுச்சொத்து, ஆனால் பதிப்பாசிரியர் யோசித்துப் பத்தி பிரித்து எண் கொடுத்தால், அந்த உழைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. சரியான தீர்ப்பு என்பேன்.

இப்போது எல்லாம் கணினியில் கிடைக்கிறது என்று வக்கீல் வீடுகளில் பழைய தொகுதிகளை எடைக்குப் போடுகிறார்கள். மெட்ராஸ் லா ஜர்னலின் ஆரம்பத் தொகுதிகளில் தீர்ப்புகள் மட்டுமல்ல, கட்டுரைகளும் குறிப்புகளும் இருக்கின்றன. தாத்தாவின் தொகுதிகள் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து மாவட்ட வழக்கறிஞர் சங்க நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.