கோல்ஃபாக்ஸ் பலகை

அமெரிக்காவில் காரில் ஊர் சுற்றியவர்களுக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு சின்ன ஊரானாலும் நீதிமன்ற வாசலிலோ சாலையோரத்திலோ ஒரு வரலாற்றுப் பலகை நிற்கும். இங்கே இன்னார் தங்கினார், இங்கேதான் முதல் பள்ளிக்கூடம் இருந்தது என்ற ரகம். ஒரு நிமிடம் படித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவோம். அரசாங்கம் நட்ட பலகை, பொய்யா சொல்லிவிடப் போகிறது?

லூசியானாவில் ரெட் ஆற்றங்கரையில் இருக்கிறது கோல்ஃபாக்ஸ். அங்கே நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் 1950ஆம் ஆண்டுப் பலகை ஒன்று இருந்தது. இரண்டே வாக்கியம். இங்கே நடந்த கலவரத்தில் மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டார்கள் என்பது முதலாவதன் சாரம். 1873 ஏப்ரல் 13இல் நடந்த அந்தச் சம்பவத்தோடு தெற்கில் ‘கார்பெட்பேகர்’களின் கெட்ட ஆட்சி முடிந்தது என்பது இரண்டாவது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வடக்கிலிருந்து கம்பளத் துணிப் பையோடு வந்து பதவி பிடித்தவர்கள் என்று தெற்கத்தி வெள்ளையர் வைத்த ஏளனப் பெயர் அது.

ஒரு பக்கம் 3, மறு பக்கம் 150. இதைக் கலவரம் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும். கொல்லப்பட்டார்கள், சரி. கொன்றது யார்? செயப்பாட்டு வினையின் சௌகரியமே அதுதான், எழுவாயைத் தேட வேண்டியதில்லை.

நடந்தது இது. 1872 ஆளுநர் தேர்தலில் இரு தரப்பும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. கிராண்ட் பாரிஷிலும் (அங்கே மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள்) அதே இழுபறி. குடியரசுக் கட்சியினர் முந்திக்கொண்டு நீதிமன்றத்தில் அமர்ந்தார்கள். கறுப்பினத்தவர், பெரும்பாலும் முன்னாள் அடிமைகள், காவலுக்கு நின்றார்கள். நீதிமன்றம் என்றதும் தூண்களையெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பண்ணையின் குதிரை லாயத்தை மாற்றி அமைத்த கட்டடம் அது.

ஏப்ரல் 5 அன்று வேலி கட்டிக்கொண்டிருந்த ஜெஸ்ஸி மெக்கின்னி என்ற கறுப்பின விவசாயி கொல்லப்பட்டார். பயந்துபோன குடும்பங்கள் நீதிமன்றப் பக்கம் வந்து சேர்ந்தன. எட்டாம் நாள், ஈஸ்டர் ஞாயிறு. கிறிஸ்டபர் கொலம்பஸ் நாஷ் (ஆமாம், பெயரே அதுதான்) தலைமையில் வெள்ளையர் படை ஒரு சிறிய பீரங்கியோடு வந்தது. கூரைக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்து வெளியே வந்தவர்களையும் சுட்டார்கள். பிடித்து வைத்திருந்தவர்களை அன்றிரவு கூட்டிப்போய்ச் சுட்டார்கள்.

97 பேர்மீது வழக்கு. தண்டனை மூன்றே பேருக்கு. அதுவும் நிற்கவில்லை. 1876இல் ‘அமெரிக்கா எதிர் க்ரூக்‌ஷாங்க்’ வழக்கில், 14ஆம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த வழக்கின் பெயரில் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர்.

என்னை உறுத்துவது இந்தப் பெயர் விஷயம்தான். 1921இல் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சலவைக்கல் தூண் எழுப்பினார்கள். இறந்த மூன்று வெள்ளையரின் பெயர்களும் அதில் உண்டு. வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போராடி விழுந்த வீரர்கள் என்று பச்சையாகவே பொறித்திருக்கிறார்கள். ஒரு விதத்தில் பலகையைவிட இந்தக் கல் நேர்மையானது. பலகையில் 150 என்பது வெறும் எண். பெயர்கள் கிடைக்காமல் இல்லை. 1875ஆம் ஆண்டு ராணுவ அறிக்கை, கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 81 பேரைப் பெயரோடு குறிப்பிட்டது. பலகை எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

2021 மே மாதம் பலகையைப் பிடுங்கினார்கள். எழுபது வருடம் நின்றிருக்கிறது! 2023 ஏப்ரல் 13 அன்று, சரியாக 150 ஆண்டுகள் கழித்து, ஊரில் ஒரு கருங்கல் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. மெக்கின்னியின் வம்சாவளியில் வந்த ஒருவரும், தாக்கியவர்களில் ஒருவரின் வம்சாவளியில் வந்த ஒருவரும் சேர்ந்து எடுத்த முயற்சி. அதில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன, 57 பேர்.

கல்லறைத் தோட்டத்துத் தூண் அப்போதும் அங்கேயேதான் நின்றது. ராணுவ அறிக்கையின் 81ஐ இந்தக் கல் இன்னும் எட்டவில்லை. ரெட் ஆற்றில் வீசப்பட்டவர்கள் 15 முதல் 20 பேர் இருக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அங்கே எண் மட்டும்தான்.