பாணிக்கு யார் பெயர்?

பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழில் ஆடும் பெண்ணின் பெயரோடு பாணியின் பெயரையும் போடுவது வழக்கம்: பந்தநல்லூர், வழுவூர், தஞ்சாவூர். கள்ளக்குறிச்சியில் சலங்கை கட்டும் பெண்ணும் காவிரிப் படுகையின் ஓர் ஊர்ப் பெயரைத்தான் சுமக்கிறாள். கள்ளக்குறிச்சிப் பாணி என்று ஒன்று கிடையாது.

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர். வழுவூர் ராமையா பிள்ளையின் ஊர். இருவரும் நட்டுவனார்கள். முன்னதில் ஆழ்ந்த அரைமண்டியும் கோடு போட்டாற்போன்ற அடவுகளும். பின்னதில் நளினம், சிற்பம் போன்ற நிலைகள். வேறுபாடு உண்மைதான். ஆனால் அந்த அடவுகளைத் தலைமுறை தலைமுறையாக உடம்பில் வைத்திருந்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். அவர்களுடைய ஊர் எங்கே போயிற்று?

ஒரு காலத்தில் ஊரோடு சேர்த்தே அவர்களை எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 1014-ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளை வீடு வீடாகப் பதிகிறது: எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள். பெண்ணுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆட்டுவிக்கும் ஆணுக்கு இரண்டு பங்கு. அரசாணையால் ஊர் பெயர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் குலத்தவர். கணவனோடு அவர் தீப்புகுந்ததைத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு புகழ்கிறது. அரசியின் பெயர் கல்லில் ஏற அவர் எரிய வேண்டியிருந்தது. ஆடியவர்கள் பெயர் நெல்லுக் கணக்குக்காக ஏறியது.

1947-இல் வந்த சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதோடு, கோயிலில் பெண்கள் ஆடுவதையும் தடை செய்தது. பொட்டுக்கட்டு ஒழிந்தே ஆக வேண்டிய கொடுமை. முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மரபாக ஆடியவர்கள் ஆடுமிடம் இழந்த அதே ஆண்டுகளில், ஆட்டுவித்த ஆண்களுக்குச் சென்னையில் புதிய மாணவிகள் கிடைத்தார்கள், பெரும்பாலும் பிராமணக் குடும்பங்களிலிருந்து. அந்த மாணவிகள் மேடையில் சொல்லிக்கொள்ளக்கூடிய வம்சம் நட்டுவனாருடையது. தாசி வீட்டின் பெயரைச் சொன்னால் குடும்ப மானம் குறுக்கே வந்தது.

மயிலாப்பூர் கௌரி அம்மாளைப் பாருங்கள். கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். பாலசரஸ்வதிக்கும், 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவிக்கும் அவர் ஆசிரியர். இன்று கலாக்ஷேத்திரா பாணி உண்டு. பாலசரஸ்வதி பாணி என்றும் சொல்கிறோம். கௌரி அம்மாள் பாணி என்று எந்த அழைப்பிதழிலும் நான் கண்டதில்லை.

விராலிமலை முருகன் கோயிலுக்குச் சிறுமியாகப் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள், தானே பாடிக்கொண்டு சதிர் ஆடியவர். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பாணிகளின் வழக்கமான பட்டியலில் விராலிமலை இன்னும் சேரவில்லை.