டின்டின் கால் பதித்த உலகம் – 4: தண்டவாளத்தில் ஒரு வெடி

முக்டன் நகருக்கு வெளியே, ரயில் பாதையோரம், இருட்டில் ஒருவர் குனிந்து வெடிமருந்தைப் பதித்துக்கொண்டிருந்தார். சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

1931 செப்டம்பர் 18. இரவு மணி 10.20. குனிந்திருந்தவர் கவமோட்டோ, ஜப்பானின் குவாண்டுங் படையில் லெப்டினன்ட். அவர் தகர்க்க வந்த பாதை சீனர்களுடையது அல்ல. ஜப்பான் நடத்திவந்த தென் மஞ்சூரிய ரயில்வேயின் பாதை. அதைப் பாதுகாக்கத்தான் குவாண்டுங் படையே அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. காவலுக்கு நின்றவனே கன்னம் வைத்தான்.

வெடித்தது. சேதம் சொற்பம். சற்று நேரத்தில் அதே தண்டவாளத்தின் மேல் ஒரு ரயில் ஓடிவந்து, கவிழாமல் முக்டன் போய்ச் சேர்ந்துவிட்டது! ஆனால் படை அதிகாரிகளுக்குச் சேதம் வேண்டியிருக்கவில்லை, சத்தம் போதும். “சீனர்கள் எங்கள் பாதையைத் தகர்த்துவிட்டார்கள்” என்றார்கள். முன்பே தயாராயிருந்த பீரங்கிகள் சீனப் படைமுகாமை நோக்கி முழங்கின. மறுநாள் முக்டன் ஜப்பானியர் கையில். சில மாதங்களில் மஞ்சூரியாவின் பெரும்பகுதி அவர்கள் வசம். 1932 மார்ச்சில் மஞ்சுகோ என்றொரு பொம்மை நாடே முளைத்துவிட்டது.

டின்டின் படக்கதையான ‘நீலத் தாமரை’ கையில் இருப்பவர்கள் இப்போது அதைப் புரட்டுங்கள். இரவு. ரயில் பாதை. வெடி. டின்டின் அதைக் கண்ணால் பார்க்கிறான். வைப்பவன் மிட்சுஹிராட்டோ, ஜப்பானிய உளவாளி. இடம் மட்டும் ஷாங்காய்–நான்கிங் பாதைக்கு மாறியிருக்கிறது. அடுத்த கட்டங்களில் செய்தி வானொலியில் ஏறுகிறது; ஒவ்வொரு வாயாக மாற மாற, பாதையைத் தகர்த்த ‘சீனக் கொள்ளையர்’ கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. முடிவில் ஜப்பானியப் படை சீனாவுக்குள் நுழைகிறது. ஒரு பொய் போராக வளர்வதைக் குழந்தைகளுக்கு இத்தனை தெளிவாகக் காட்டிய பக்கங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சர்வதேச சங்கத்தில் நடந்ததும் கதையில் இருக்கிறது. லிட்டன் பிரபு தலைமையிலான குழு மஞ்சூரியாவுக்கே போய் விசாரித்தது. 1933 பிப்ரவரியில் அதன் அறிக்கையை 42 நாடுகள் ஏற்றன. எதிர்த்தது ஜப்பான் மட்டும். அதன் பிரதிநிதி மட்சுவோகா அவையை விட்டு வெளியேறினார்.

டின்டினைப் படைத்த எர்ஜே சீனாவை அதுவரை பார்த்ததே இல்லை. ப்ரஸ்ஸல்ஸில் உட்கார்ந்தபடி வாராவாரம் வரைந்தவர். அவருடைய பழைய வழக்கம் நமக்குத் தெரியும்: சோவியத் கதைக்கு ஒரே ஒரு புத்தகத்தை நம்பினார்; காங்கோ கதையில் ஆப்பிரிக்கர்களை அவர் வரைந்த விதம் இன்று பார்க்கவே கூசுகிறது. அப்படிப்பட்டவர், ஐரோப்பியப் பத்திரிகைகள் பலவற்றில் ஜப்பானின் தரப்பே ஓங்கியிருந்த காலத்தில், சீனாவின் தரப்பை எப்படிப் பிடித்தார்?

ஒரு கடிதம்தான் காரணம். டின்டின் அடுத்து கிழக்கே போகிறான் என்ற அறிவிப்பைக் கண்டு, லூவென் பல்கலைக்கழகத்துச் சீன மாணவர்களின் ஆன்மிக வழிகாட்டியாக இருந்த பாதிரியார் கோசே எர்ஜேக்கு எழுதினார். சீனர்களைக் கேலிச்சித்திரமாக்கிவிட வேண்டாம், என் மாணவர்கள் மனம் புண்படும் என்பது அவர் கவலை. எர்ஜே கோபப்படவில்லை, காது கொடுத்தார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் கணம் அது.

1934 மே மாதம் எர்ஜேயின் வீட்டுக்கு ஓர் இளைஞர் வந்தார். ஜாங் சோங்ரென். ஷாங்காயில் இயேசு சபையார் நடத்திய இல்லத்தில் பிரெஞ்சும் ஓவியமும் கற்றவர். ப்ரஸ்ஸல்ஸ் கலைக்கூடத்தில் சிற்பம் பயின்றுகொண்டிருந்தார். இருவரும் 1907இல் பிறந்தவர்கள். ஞாயிறுதோறும் சந்தித்தார்கள். தூரிகையைப் பிடிப்பது, மரத்தை வெறும் கோடாக அல்லாமல் மரமாகவே பார்ப்பது, சீனத் தெருவில் என்ன இருக்கும், என்ன இருக்காது, முக்டனில் உண்மையில் நடந்தது என்ன என்று பேச்சு நீண்டது. எர்ஜே தன் நண்பரையும் கதைக்குள் கொண்டுவந்தார்: வெள்ளத்தில் தத்தளிக்கும்போது டின்டின் கைகொடுத்துக் காப்பாற்றும் சாங். அந்த வெள்ளமும் கற்பனை இல்லை. 1931இல் யாங்சே பெருக்கெடுத்து மாண்டவர்கள் எண்ணற்றவர்கள்.

ஜாங் இன்னொரு வேலையும் செய்தார். படக்கட்டங்களில் வரும் ஷாங்காய்ச் சுவர்கள், கடைப் பலகைகள், சுவரொட்டிகள் எல்லாவற்றிலும் சீன எழுத்துகளைத் தன் கையாலேயே எழுதினார். பெல்ஜியத்துப் பிள்ளைகளுக்கு அவை அழகான கோடுகள். சீனம் அறிந்தவர்களுக்கு வேறு: ‘ஏகாதிபத்தியம் ஒழிக’, ‘ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிப்போம்’.

1934 ஆகஸ்டில் தொடர் ஆரம்பமாகி, வியாழன்தோறும் வந்துகொண்டிருந்தது. வாரம் ஒரு சுவர், வாரம் ஒரு முழக்கம். ப்ரஸ்ஸல்ஸில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது.

ஆனால் அந்த நகரத்திலேயே அவற்றைப் படிக்கக்கூடியவர்கள் சிலர் இருந்தார்கள். ஜப்பானியர் எழுதும் எழுத்திலும் பெரும்பங்கு சீனத்திலிருந்து போனதுதானே? சிறுவர் இதழின் படக்கதை ஒன்றைப் பற்றிப் புகார் சொல்ல ஜப்பானியத் தூதரக அதிகாரிகள் கிளம்பினார்கள்.

(அடுத்த வாரம்)