ஏழரை மணி நேரம்: லண்டன் பஸ்காரர்களின் 1937 ஸ்டிரைக்

"லிஃப்ட் வேண்டாம், மாடிப்படி ஏறுங்க, இதயத்துக்கு நல்லது." இந்த அறிவுரையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். இதன் பின்னால் ஒரு பஸ் இருக்கிறது. லண்டனின் சிவப்பு நிற மாடி பஸ்.

ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் இதய நோய்க் கணக்கை எடுத்தார்கள். எல்லோரும் 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஆண்கள். 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஒரே பஸ், ஒரே டிப்போ, ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பப் பின்னணி. ஆனால் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. டிரைவர் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்குமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுகிறார். உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்களில் காட்டிய முன்னோடி ஆய்வு இதுதான்.

இந்த ஆய்வைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு 16 வருடம் முந்தைய கதை. அதே ஊர், அதே பஸ், அதே தொழிலாளர்கள். யாரும் வந்து கணக்கெடுப்பதற்கு முன்பே, "இந்த வேலை எங்க உடம்பைக் கெடுக்குது" என்று அவர்கள் தாங்களாகவே சொன்ன கதை.

1930-களின் தொடக்கத்துக்குப் போவோம். உலகப் பொருளாதார மந்தம். லண்டனில் பெரும்பாலான பஸ்களை ஓட்டிய தனியார் நிறுவனம் 1932-இல் கூலியைக் குறைக்கப் பார்த்தது. அதை எதிர்த்து டிப்போ டிப்போவாகத் தொழிலாளர்கள் தாங்களே ஒன்று சேர்ந்தார்கள். சங்கத் தலைமையை நம்பிக் காத்திருக்காத இந்தக் கூட்டம் தனக்கென்று ஒரு பத்திரிகையும் நடத்தியது. கம்யூனிஸ்டுகளுக்கு அதில் நல்ல செல்வாக்கு. முன்னணியில் நின்றவர் பெர்ட் பாப்வொர்த் என்ற பஸ் தொழிலாளி.

1933-இல் நகரத்தின் பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாம் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் என்ற ஒரே பொது அமைப்பின் கீழ் வந்தன. முதலாளி மாறினார், வேலை மாறவில்லை. இன்னும் சொன்னால், வேலை இறுகிக்கொண்டே போனது. 1930-இல் வந்த சாலைச் சட்டம் பஸ்களுக்கு மணிக்கு 30 மைல் வரை அனுமதித்தது. வண்டிகளும் பெரிதாகி, வேகமாகிக்கொண்டிருந்தன. வேகம் கூடினால் நேர அட்டவணையும் இறுகும். எட்டு மணி நேர வேலை எட்டு மணி நேரமாகவே இருந்தது, ஆனால் அந்த எட்டுக்குள் அடைக்கப்பட்ட ஓட்டமும் கூட்டமும் கூடிவிட்டன.

இதோடு இன்னொரு தொல்லை, பிளவு ஷிப்ட். காலை நெரிசலுக்குக் கொஞ்ச நேரம், மாலை நெரிசலுக்குக் கொஞ்ச நேரம், நடுவில் சும்மா. ஒரு நாள் விடிகாலையில் வேலை, இன்னொரு நாள் நள்ளிரவு வரை. சாப்பாட்டு நேரம் என்று ஒன்று நிலையாக இல்லை. தொழிலாளர்களின் முதல் புகாரே வயிறுதான். அஜீரணம், இரைப்பை அழற்சி, நரம்புத் தளர்ச்சி. இதெல்லாம் இந்த வேலையோடு வரும் நோய்கள் என்றார்கள்.

அவர்கள் கேட்டது ஒரு நாளில் அரை மணி நேரம். எட்டு மணி நேர வேலையை ஏழரையாகக் குறையுங்கள் என்றார்கள். நமக்கு ஏழரை என்றால் சனிதான் ஞாபகம் வரும், அவர்களுக்கு அது விடுதலையாகத் தெரிந்திருக்கிறது! வாரியத்துக்கோ அது செலவு. அதே வண்டிகளை அதே நேரம் ஓட்ட இன்னும் நிறைய ஆள் எடுக்க வேண்டும். முடியாது என்றார்கள்.

1937 மே 1, தொழிலாளர் தினம். 25,000-க்கும் மேற்பட்ட பஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். லண்டனின் பஸ்கள் நின்றன. மே 12-ஆம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. ஊர் முழுக்கக் கூட்டம், தெருவில் ஒரு சிவப்பு பஸ்கூட இல்லை. அரசு உடனே விசாரணைக் குழு அமைத்தது. பஸ் தொழிலாளர்களின் உடல்நலத்தை முறையாக ஆராய முகாந்திரம் இருக்கிறது என்று அந்தக் குழு தன் இடைக்கால அறிக்கையில் சொன்னது. கோரிக்கை நிறைவேறவில்லைதான். ஆனால் "வயித்துவலின்னு சும்மா சொல்றாங்க" என்று இனித் தள்ளிவிட முடியாது.

பிறகு ஏன் தோற்றார்கள்?

லண்டன் மொத்தமும் நிற்கவில்லை. டிராமும் டிராலிபஸ்ஸும் சுரங்க ரயிலும் ஓடிக்கொண்டிருந்தன. டிராம்காரர்களும் பஸ்காரர்களும் ஒரே சங்கம்தான், போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். பொதுச் செயலாளர் எர்னஸ்ட் பெவின், பின்னாளில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆனவர். டிராம்காரர்களையும் இறக்கிவிடுங்கள் என்று பஸ்காரர்கள் கேட்டார்கள். சங்கத்தின் செயற்குழு மறுத்தது. பெவினுக்கு இந்த டிப்போ இயக்கம் சங்கத்துக்குள் இருக்கும் இன்னொரு சங்கமாகப் பட்டது. கடைசியில் செயற்குழு, பஸ் பிரிவுக் குழுவுக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஸ்டிரைக்கை முடித்துவைத்தது. மே 28-ஆம் தேதி வண்டிகள் மறுபடி ஓடின. ஏழரை கிடைக்கவில்லை.

முன்னின்றவர்கள் சிலர் சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார்கள், பாப்வொர்த்தும்தான். சிலர் கோபத்தில் தனிச் சங்கம் தொடங்கினார்கள். பாப்வொர்த் அந்த வழியில் போகாமல் பழைய சங்கத்துக்கே திரும்பி, 1944-இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸின் பொதுக்குழு வரை போனார். அது தனிக் கதை.

இப்போது மாரிஸுக்குத் திரும்புவோம். 1937 ஸ்டிரைக்தான் 1953 ஆய்வுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தொழிலாளர்கள் வயிற்றைச் சொன்னார்கள், மாரிஸ் பார்த்தது இதயத்தை. ஸ்டிரைக்கில் டிரைவரும் கண்டக்டரும் சேர்ந்தே நின்றார்கள், ஆய்வு அவர்களைப் பிரித்து ஒப்பிட்டது. மாரிஸ் குழுவினரே தங்கள் முடிவைச் சந்தேகித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1956-இல் அவர்கள் சீருடைக் கணக்கை எடுத்துப் பேன்ட்டின் இடுப்பளவைப் பார்த்தார்கள். இளம் வயதிலேயே டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது! அப்படியென்றால் வேறுபாடு முழுவதும் வேலையால் வந்ததா, இல்லை கொஞ்சம் முன்பே இருந்ததா? நேர்மையான கேள்வி. அதன் பிறகு அவர்கள் அரசு ஊழியர்களின் ஓய்வு நேர உடற்பயிற்சியை ஆராயப் போனார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். பஸ்காரர்கள் உடம்பிலிருந்து உலகம் ஒரு பாடம் படித்தது: நடங்க, படி ஏறுங்க, ஓடுங்க. எல்லாமே தனி மனிதருக்கான அறிவுரை, அதுவும் வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டியவை. ஆனால் பஸ்காரர்கள் கேட்ட கேள்வி வேறு. நேர அட்டவணையை யார் போடுகிறார்கள்? சாப்பாட்டு நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இந்த இருக்கையில் இருக்கலாம்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் டாக்டரிடம் இல்லை, வாரியத்திடம் இருந்தது.

கடைசியாக ஒன்று. பின்னாளில் டிரைவரே டிக்கெட்டும் கொடுக்கும் பஸ்கள் வந்தன. 2005 டிசம்பரில் பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் வழக்கமான தடங்களிலிருந்து விலக்கப்பட்டபோது, லண்டனில் கண்டக்டர் வேலையும் ஏறக்குறைய முடிந்தது. இரண்டு வேலைகளில் எது இதயத்துக்கு நல்லது என்று இந்த ஊர் பஸ்ஸை வைத்துத்தான் உலகம் கண்டுபிடித்தது. அந்த வேலையைத்தான் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது டிரைவர் மட்டும், அவர் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.