வெள்ளைப்புலி வீட்டுக் கல்யாணக் கதை

"வெள்ளைக் காக்கா பறக்குது பார்"னு யாராவது சொன்னா நம்ம ஊர்ல சிரிப்போம். ஆனா வெள்ளைக் காக்கா நிஜமாவே உண்டு மக்களே. வெள்ளை மயில் உண்டு, வெள்ளை மான் உண்டு, வெள்ளைப் பாம்பும் உண்டு.

இப்படி ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். "சாமி அனுப்பினது", "ஊருக்கு நல்லது நடக்கும்" என்று கூடவே செய்தியும் வரும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கிறீர்களா? இந்தியாவின் மிகப் பிரபலமான வெள்ளை விலங்கின் வரலாற்றைச் சொல்கிறேன். முடிக்கும்போது அது நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

1951, மே மாதம். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் ரேவா பகுதிக் காடு. மகாராஜா மார்த்தண்ட் சிங் தரப்பினர் நடத்திய வேட்டையில் தாய்ப்புலி செத்தது. கூட இருந்த ஒரு வெள்ளைக் குட்டி மட்டும் உயிரோடு பிடிபட்டது. கோவிந்த்கர் அரண்மனையில் வைத்து வளர்த்தார்கள். பெயர் மோகன்.

வெள்ளைப்புலி வம்சத்தை உண்டாக்க மகாராஜாவுக்கு ஆசை. பேகம் என்ற சாதாரண நிறப் பெண்புலியோடு மோகனைச் சேர்த்தார்கள். குட்டிகள் பிறந்தன. அத்தனையும் மஞ்சள் நிறம். ஒன்றுகூட வெள்ளை இல்லை.

அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் குட்டிகளில் ஒன்றான ராதா வளர்ந்ததும், அவளை அவள் தகப்பன் மோகனோடேயே சேர்த்தார்கள்.

1958 அக்டோபர் 30. ராதா நாலு குட்டி போட்டாள். நாலும் வெள்ளை! ராஜா, ராணி, சுகேஷி, மோகினி.

ஊரே கொண்டாடியது. இதில் அதிசயம் எதுவும் இல்லை, வெறும் கணக்குதான்.

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. புலி வெள்ளையாகப் பிறக்க, மாறிப்போன பிரதி இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும். ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் புலி மஞ்சளாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே அது ஒளிந்திருக்கும். பேகத்தின் குட்டிகள் அப்படித்தான் இருந்தன. ராதாவுக்குள் ஒளிந்திருந்ததும் மோகனிடமிருந்து வந்ததுதான். தகப்பனையும் மகளையும் சேர்த்ததும் ஒவ்வொரு குட்டிக்கும் வெள்ளையாகப் பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிட்டது.

அந்த மரபணு எதுவென்று 2013இல்தான் தெரிந்தது. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஷு-ஜின் லுவோ குழு கண்டுபிடித்தது. பெயர் எஸ்.எல்.சி.45ஏ2. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், அது உருவாக்கும் புரதத்தின் 477ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் வாலின் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். மஞ்சள் நிறமி போய்விடுகிறது, கறுப்பு நிறமி பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. அதனால்தான் வெள்ளைப்புலிக்கு வரி அழியவில்லை.

இதே மரபணு மனிதரிடமும் இருக்கிறது. அதன் இரண்டு பிரதியும் பழுதானால் அல்பினிசத்தில் ஒரு வகை வரும்.

மோகினிக்கு வருவோம். 1960 டிசம்பரில் அவள் அமெரிக்கா போனாள். வெள்ளை மாளிகையில் அதிபர் ஐசனோவரே வரவேற்றார். வாஷிங்டன் பூங்காவில் கூட்டம் அலைமோதியது. அவளுக்கு ஜோடியாகக் கொண்டுவந்தது சாம்சன் என்ற மஞ்சள் ஆண்புலி.

சாம்சன் யார்? மோகனுக்கும் பேகத்துக்கும் பிறந்தவன். அதாவது மோகினிக்குத் தகப்பன் வழியில் அண்ணன். அவள் அம்மா ராதாவோடு கூடப் பிறந்தவன் என்பதால் தாய்மாமனும் அவனேதான்! மரபணுக் கணக்கில் பார்த்தால், கூடப் பிறந்த அண்ணனைக் கட்டியதற்குச் சமம்.

இப்படியே போனால் வெள்ளை நிறம் மட்டும் தனியாக வராது. ஒளிந்திருந்த மற்ற பழுதுகளும் ஒன்றொன்றாக வெளியே வரும். வெள்ளைப்புலி வம்சங்களில் அண்ணப்பிளவு, வளைந்த முதுகெலும்பு, சின்ன வயதிலேயே சாவு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. மாறுகண் மட்டும் நிறத்தோடு சேர்ந்தே வருவது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தடம் மாறிப் போவதால் வருகிறது. கடைசியில் 2011இல் அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம், வெள்ளை நிறத்துக்காகப் புலிகளை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

வெள்ளைப்புலிக்கு மனிதன் செய்ததைக் கறுப்புப்புலிக்குக் காடே செய்தது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் வரிகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டி, உடம்பே கறுப்பாகத் தெரியும் புலிகள் இருக்கின்றன. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் காரணத்தைச் சொன்னது. டாக்பெப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம். வேறெங்கும் அபூர்வமான அது அங்கே மட்டும் ஏன் பெருகியது? மற்றப் புலிக்காடுகளோடு தொடர்பு அறுந்து, சிமிலிபால் தீவு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் புலிகள் தங்களுக்குள்ளேயே இணைசேர வேண்டிய நிலை. நம் வண்டலூர் பூங்காவில் இருந்த கறுப்புப்புலிகளின் வம்சத்தைத் தேடிப்போனாலும் அந்தச் சிமிலிபாலில்தான் போய் நின்றது.

இப்போது நம் வாசலுக்கு வருவோம்.

குழந்தைக்குக் காது கேட்கவில்லை, வளர்ச்சி சரியில்லை என்று ஓ.பி.க்கு வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களாம்மா?"

தகப்பனுக்கும் மகளுக்கும் மரபணுவில் பாதி பொது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் கால் பங்கு. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு. அளவுதான் வேறே தவிர, கணக்கு மோகன் வீட்டுக் கணக்கேதான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் மேற்பட்ட கல்யாணம் சொந்தத்துக்குள் நடக்கிறது.

பயமுறுத்தவில்லை. சொந்தத்தில் கட்டியவர்களின் பெரும்பாலான குழந்தைகள் நல்லபடியாகத்தான் பிறக்கின்றன. பொதுவாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாய்மாமனைக் கட்டினால் இன்னும் கூடும்.

"மூணு தலைமுறையா உள்ளுக்குள்ளதான் கட்டுறோம், ஒண்ணும் ஆகலையே டாக்டர்?"

பேகம் போட்ட குட்டிகளும் பார்க்க நல்லாத்தாங்க இருந்துச்சு. ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

வேப்பந்தட்டை, செந்துறை பக்கம் ஆடு வளர்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாவை மாத்திடணும், இல்லாட்டி குட்டி நோஞ்சானாப் போயிடும் என்பார்கள். பட்டிக்குத் தெரிந்த நியாயம் இது. சொத்து வெளியே போகக்கூடாது என்று வீட்டுக்கு மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஏற்கெனவே சொந்தத்தில் கட்டியிருக்கிறீர்களா? பதற வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், இரண்டையும் தவறவிடாதீர்கள். எல்லாக் குறையும் ஸ்கேனில் தெரியாது. அதனால் பிறந்த குழந்தைக்குக் காது கேட்கும் பரிசோதனையும் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு வாருங்கள். செலவில்லை.

ஒரு வீட்டில் தலைமுடி முதல் கால் வரை வெளுத்த குழந்தை பிறந்தால் தாயைச் சந்தேகப்படாதீர்கள். கிரகணத்தையும் குங்குமப்பூவையும் இழுக்காதீர்கள். பிரதி ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று அப்பாவுடையது. அந்தக் குழந்தைக்கு வேண்டியது கண் பரிசோதனை, வெயிலுக்குத் தொப்பி, முழுக்கைச் சட்டை, வகுப்பில் முதல் பெஞ்ச்.

அடுத்த தடவை வண்டலூர் போனால் வெள்ளைப்புலியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அழகுதான். அந்த நிறம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் முறைப்பெண், முறைமாமன் பேச்சு வரும்போது அந்தப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்கட்டும்.