கப்பலிலும் அடுப்பிலும் ஒரே குழல்

லிங்கி ஆறு கடலில் கலக்கும் கோலா லிங்கிக்குச் சற்று வடமேற்கே தஞ்சோங் துவான் முனை இருக்கிறது. போர்த்துகீசியர் காலத்திலேயே விளக்கு எரிந்த குன்று அது. இன்றுள்ள கலங்கரை விளக்கம் 1863ஆம் ஆண்டுக் கட்டடம். அதன் பக்கத்தில் இப்போது ராடார் கோபுரமும் நிற்கிறது. எதிரே மலாக்கா நீரிணை. ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் போய்வரும் பாதை. ஒவ்வொரு கப்பலின் உச்சியிலும் ஒரு நீண்ட சட்டம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதுதான் ராடார். இருட்டிலும் மழையிலும் கப்பலோடு கப்பல் மோதாமல் காப்பது அதிலிருந்து புறப்படும் அலை. அந்த அலையைப் பல கப்பல்களில் இன்றும் உண்டாக்குவது மேக்னட்ரான் என்ற குழல்.

கரையில், ஒருகாலத்தில் பால்மரமும் இன்று செம்பனையும் நிற்கிற லிங்கி வட்டாரத்து வீடுகளில், பழைய சோற்றைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பதும் அதே மேக்னட்ரான்தான்.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். சுவரில் உள்ள பிளக்கில் வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறைதான் ஆடுகிறது. அடுப்புக்குள் போன பிறகு வெளிப்படும் அலையோ வினாடிக்கு 245 கோடி முறை ஆடுகிறது. பெரிய கப்பல் ராடார்களில் ஒரு வகை 305 கோடி முறை, இன்னொரு வகை 941 கோடி முறை. எதைத் திருகி இந்தக் கணக்கை வைக்கிறார்கள்? திருகுவதற்கு ஒன்றுமே இல்லை. கணக்கு முழுவதும் ஒரு செம்புக் கட்டியில் செதுக்கப்பட்டிருக்கிறது.

காலிப் போத்தலின் வாயில் ஊதினால் சத்தம் வரும். சின்னப் போத்தலுக்குக் கீச்சுக் குரல், பெரிய போத்தலுக்குக் கட்டைக் குரல். ஊதுகிறவர் யார் என்பது முக்கியமில்லை. போத்தலின் அளவுதான் குரலை முடிவு செய்கிறது. மேக்னட்ரானும் அப்படித்தான். காற்றை உறிஞ்சி எடுத்த குழல் அது. நடுவில் சூடேறும் ஒரு கம்பி. அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. சுற்றிலும் செம்பு வளையம். அதன் உட்புறத்தில் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவைப் பார்த்தபடி ஒரு வாய். வீட்டு அடுப்பில் பெரும்பாலும் 10 அல்லது 12 அறைகள். ஏறத்தாழ 4,000 வோல்ட் அழுத்தம் எலெக்ட்ரானைச் செம்பை நோக்கி இழுக்கிறது. மேலும் கீழும் வைத்த காந்தமோ அதை நேராகப் போகவிடாமல் வளைக்கிறது. நேராகப் போகமுடியாத எலெக்ட்ரான் கம்பியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வரும் வழியில் ஒவ்வோர் அறையின் வாயையும் உரசிக்கொண்டு போகிறது. போத்தல் வாயில் ஊதுவது போல.

அறைகள் அதிரத் தொடங்கியதும் அடுத்த விந்தை நடக்கிறது. ஒரு வாய் நேர்மின்னாக இருக்கும் கணத்தில் பக்கத்து வாய் எதிர்மின்னாக இருக்கிறது. அடுத்த கணம் இரண்டும் மாறிக்கொள்கின்றன. அந்த ஆட்டம் எலெக்ட்ரான் கூட்டத்தைக் கொத்துக் கொத்தாகத் திரட்டிவிடுகிறது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அவை சுழல்கின்றன. 10 அறைக்கு 5 ஆரக்கால். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிறவரைப் போல, ஒவ்வொரு வாயையும் கடக்கும்போது தம் ஆற்றலை அறைக்குக் கொடுத்துவிட்டுப் போகின்றன. அழுத்தமும் காந்தமும் சக்கரத்தின் வேகத்தைத் தாளத்துக்கு ஒத்துவரச் செய்யும், அவ்வளவுதான். தாளத்தைப் போடுவது அறையின் அளவு.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்கும் ஓட்டத்தில் மலாயாவை ஆண்டவர்களும் மலாயாவைப் பிடிக்க வந்தவர்களும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். நம் மக்களில் பலர் அறியாத கதை இது.

மேக்னட்ரான் என்ற பெயரைக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஹல், 1921இல். அவருடைய குழலில் அறைகள் இல்லை. 1927இல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் கின்ஜிரோ ஒக்காபே செம்பு உருளையை நெடுக்காகப் பிளந்துபார்த்தார். அலை மிகவும் குறுகியது. அவருடைய ஆசிரியர் ஹிடெட்சுகு யாகி. தோட்டத்து வீட்டுக் கூரைகளில் மீன்முள் போல நின்ற டிவி ஏரியல் நினைவிருக்கிறதா? அதற்கு யாகியின் பெயர்தான். பிறகு ஜப்பான் கடற்படையில் அண்ணன் யோஜி இத்தோ, ஜப்பான் ரேடியோ நிறுவனத்தில் தம்பி ஷிகேரு நக்காஜிமா. இவர்களின் முயற்சியில் 1939இல் அறைகள் கொண்ட மேக்னட்ரான் 10 சென்டிமீட்டர் அலையில் 500 வாட் ஆற்றலைக் கொடுத்தது. பிரிட்டன் அப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கவில்லை.

பிரிட்டன் வந்தது 1940 பிப்ரவரி 21இல். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் செய்த கணக்கு அழகானது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஹெர்ட்ஸின் நூலில் ராண்டல் கம்பி வளையத்தைப் பற்றிப் படித்திருந்தார். வளையத்தின் விட்டத்தை 7.94 ஆல் பெருக்கினால் அலையின் நீளம் வரும். அந்த வளையத்தை இழுத்து நீட்டினால் அதுவே ஒரு துளை! 10 சென்டிமீட்டருக்கு நெருக்கமான அலை வேண்டும், ஆகவே துளையின் விட்டம் 1.2 சென்டிமீட்டர். செம்புக் கட்டியில் 6 துளைகள் போட்டார்கள். அளந்தபோது அலை 9.8 சென்டிமீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 400 வாட். சில மாதங்களில் அதையே விட்டுவிட்டு ஒளிரும் துடிப்புகளாக இயக்கி, ஆயிரக்கணக்கான வாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் டிசார்ட் தூதுக்குழு ஒரு குழலைப் பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றது. அங்கே ஒரு வேடிக்கை. பெல் ஆய்வுக்கூடத்தார் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்ளே 8 துளைகள். கையில் இருந்த வரைபடத்தில் 6! கடைசி நேரத்தில் புதிய மாதிரியை எடுத்துவந்தவர்கள் பழைய படத்தைக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் துளைகளை நம்பி 8 என்றே செய்தார்கள்.

ஒரு நோய் மட்டும் மீதி இருந்தது. அறைகள் சில சமயம் தாளம் மாறி வேறொரு முறையில் ஆடத் தொடங்கும். அதிர்வெண் திடீரெனத் தாவிவிடும். 1941இல் ஜேம்ஸ் சேயர்ஸ் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுவர்களைக் கம்பியால் பிணைத்தார். தாவல் நின்றது. இன்றைய அடுப்புக் குழலுக்குள்ளும் அந்தப் பிணைப்பு வளையங்கள் இருக்கின்றன.

இனி மலாயாவுக்கு வருவோம். 1941 டிசம்பரில் சிங்கப்பூர் வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பலில் 10 சென்டிமீட்டர் அலை ராடார் இருந்தது. அது பழுதாகிக் கிடந்தது. பார்த்த தொழில்நுட்பர்கள் ஒரு வாரம் வேண்டும் என்றார்கள். கப்பல் காத்திருக்கவில்லை. டிசம்பர் 10இல் குவாந்தான் கடலில் ரிபல்ஸ் கப்பலோடு ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அது கடல் பரப்பைப் பார்க்கும் ராடார். வேலை செய்திருந்தாலும் விமானங்களைத் தடுத்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியரிடம் நியூமன் என்ற பிரிட்டிஷ் வீரரின் ராடார் குறிப்பேடு சிக்கியது. அதில் யாகி, யாகி என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. பொருள் புரியாமல் கைதியையே கேட்டார்கள். அது உங்கள் நாட்டு விஞ்ஞானியின் பெயர் அல்லவா என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். தரைப்படையும் கடற்படையும் ஒன்றுக்கொன்று ரகசியம் காத்த நாட்டில், சொந்த வீட்டு அறிவு அந்நியன் நோட்டுப் புத்தகம் வழியாக வந்து சேர்ந்தது. 1939இலேயே குழலைச் செய்துமுடித்தவர்கள் 10 சென்டிமீட்டர் ராடாரை ஹியூகா போர்க்கப்பலில் ஏற்றிச் சோதித்தது 1942 மே மாதத்தில்தான்.

அந்த ஆட்சியின் கீழ் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பட்டது வேறு கதை. சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. செண்டாயிலும் பர்மிங்ஹாமிலும் செம்பைத் துளைத்துக்கொண்டிருந்தவர்களின் போட்டி, லயத்து வாசலுக்கு இந்த உருவத்தில்தான் வந்தது.

போர் முடிந்த 1945இல், அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் மேக்னட்ரான் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியது. 1947இல் முதல் அடுப்பு. ஆள் உயரம், 340 கிலோ. வீட்டு மேசைக்கு ஏற்ற அமானா அடுப்பு வந்தது 1967இல். அதற்கு வழிசெய்த மலிவான குழலை உருவாக்கியது நியூ ஜப்பான் ரேடியோ. 1939இல் கடற்படைக்குக் குழல் செய்த அதே ஜப்பான் ரேடியோவின் கிளை!

அடுப்புக்கு 245 கோடி என்ற எண் ஏன்? தண்ணீர் மூலக்கூறு சரியாக அந்த வேகத்தில்தான் அதிரும் என்று பலர் சொல்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். தவறு. அறை வெப்பத்தில் தண்ணீர் மிகுதியாக அலையை உறிஞ்சுவது ஏறத்தாழ 2,000 கோடிப் பக்கம். அந்த அலையை வைத்தால் மேல்தோல் மட்டும் வெந்து உள்ளே பச்சையாக இருக்கும். 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக வானொலி மாநாட்டில், செய்திப் போக்குவரத்துக்கு இடையூறு வராதபடி ஆலைக் கருவிகளுக்கென ஒதுக்கிய இடங்களில் ஒன்று இது. எண்ணை ஒதுக்கியது மாநாடு. அதற்கேற்ற அளவில் செம்பு அறைகள் செய்யப்பட்டன.

ஆனாலும் மேக்னட்ரான் கண்டிப்பான கடிகாரம் அல்ல. குழல் சூடேறினால், அழுத்தம் ஏறி இறங்கினால், உள்ளே வைத்த பாத்திரம் மாறினால் அதிர்வெண் சற்று அலையும். 240 கோடிக்கும் 250 கோடிக்கும் இடையே அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதே இடத்தில் இப்போது வைஃபையும் குடியிருப்பதால், அடுப்பு ஓடும்போது சில வீடுகளில் கைப்பேசியில் படம் தடுமாறுகிறது.

நீரிணையில் போகும் புதிய கப்பல்கள் சிலவற்றில் குழல் இல்லாத ராடார் வந்துவிட்டது. அடுப்பில் மேக்னட்ரானை விலையில் வெல்ல இன்னும் எதுவும் வரவில்லை.